கேட்பதற்கு முன் கொடுத்தது

சுவைலிமிடம் யார் எதைக் கேட்டாலும் அவர் வாயிலிருந்து முதலில் வருவது 'ஆகட்டும்' என்பதுதான். என்ன கேட்டார்கள் என்பது அதற்கப்புறம்தான் அவர் காதில் விழும் என்று அவருடைய மனைவி நுவைர் சொல்லுவாள். வாதி ரம் பாலைவனத்தில் இதைச் சொல்லிச் சிரிக்காத வீடு இல்லை. வாரத்தில் நாலு நாள் அவருடைய பிக்கப் வண்டி ஊரார் ஆட்டையும் தண்ணீர்த் தொட்டியையும் சுமந்துகொண்டு அலையும். மிச்ச நாளில்தான் வெளியூர்க்காரர்களை ஏற்றிக்கொண்டு மணலில் போய், சிவப்புக் குன்றுகளையும் கல் வளைவுகளையும் காட்டிவிட்டு வருவார். ஐம்பத்துமூன்று வயது. புர்தா மலையின் உச்சியில் இருக்கும் கல் பாலத்துக்கு அவர் அளவுக்கு ஆட்களைக் கூட்டிப் போனவர் அந்தப் பக்கத்தில் கிடையாது. அத்தனை பேரையும் இரண்டு காலால் நடந்து இறங்க வைத்தவர்.

குளிர் விலகி, வெயில் இன்னும் முறைக்கத் தொடங்காத மார்ச் மாதத்தில் ஃபாயெஸ் வந்தார். கரக்கில் முப்பத்துமூன்று வருஷம் பள்ளிக்கூடத்தில் புவியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவர். ஊரில் எல்லாருக்கும் அவர் 'உஸ்தாத்', அதாவது வாத்தியார். ஒல்லி உடம்பு, எழுபத்தோரு வயது, நடக்கும்போது கைகளைப் பின்னால் கட்டிக்கொள்ளும் பழக்கம். கூட அவர் மகள் ருலா வந்திருந்தாள். தலைநகரத்தில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள்.

சுவைலிம் விருந்தினருக்குப் போட்டிருந்த கூடாரத்தில் பெட்டியை வைத்த கையோடு உஸ்தாத் வெளியே போய்ப் பாறையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து ருலா நேராகச் சமையல் கூடாரத்துக்குள் வந்தாள். நுவைர் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். சுவைலிம் விறகை இறக்கிக்கொண்டிருந்தார். வந்த பெண் முகமன்கூட முழுசாகச் சொல்லவில்லை. தணிந்த குரலில், யாரோ துரத்துகிறமாதிரி பேசினாள். போன அக்டோபரில் அப்பாவுக்கு இதயக் குழாயில் இரண்டு ஸ்டென்ட் வைத்திருக்கிறது. இரண்டு மாடிக்கு மேல் படியேறக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அவரோ புர்தாவுக்குப் போகிறேன் என்று மூன்று மாதமாக ஒற்றைக்காலில் நிற்கிறார். கீழே இருந்து என்னவெல்லாம் காட்ட முடியுமோ காட்டுங்கள், பாதை அடைத்துவிட்டார்கள் என்று சொல்லுங்கள், பாம்பு இருக்கிறது என்று சொல்லுங்கள், மேலே மட்டும் கூட்டிப் போகாதீர்கள்.

"கெஞ்சுவார், மாமா. கோவிச்சுக்குவார். நீங்க அசையக் கூடாது. எனக்கு வாக்குக் கொடுங்க."

சுவைலிம் வலது கையை உயர்த்தி முதலில் ஒரு கண்ணையும் பிறகு மற்றதையும் தொட்டுக் காட்டினார். "என் கண்ணு மேல, மகளே."

"அவருக்கு இருக்கறது ரெண்டு கண்ணு," என்றாள் நுவைர், மாவிலிருந்து தலை தூக்காமலே. "அதைப் பாதி ஊருக்குக் கொடுத்தாச்சு. உனக்கு எந்தக் கண்ணு வருதுன்னு பாரு."

வந்ததிலிருந்து முதல் தடவையாக ருலா சிரித்தாள். தோளில் இருந்த சுமையை இறக்கி வைத்ததுபோல ஒரு மூச்சு விட்டாள். நுவைர் கொடுத்த ரொட்டித் துண்டை நின்றபடியே தின்றுவிட்டுப் போனாள்.

அன்று பிற்பகல் முழுக்க வண்டியில் சுற்றினார்கள். உம் ஃபுரூத் வளைவில் எப்போதும்போலக் கூட்டம். ஒவ்வொருவராக மேலே ஏறி, இரண்டு கையையும் பறவைமாதிரி விரித்து, கீழே இருப்பவர் போட்டோ எடுத்ததும் இறங்கினார்கள். இறங்கும்போது பாதிப்பேர் உட்கார்ந்து தேய்த்துக்கொண்டுதான் வந்தார்கள். உஸ்தாத் அவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. வளைவின் கால்மாட்டில் நின்று, காய்ச்சல் பார்க்கிறவர்போலப் பாறையில் புறங்கையை வைத்துக்கொண்டிருந்தார். காற்று செய்த வேலை என்று சுவைலிம் எல்லாரிடமும் சொல்வதையே அவரிடமும் சொன்னார்.

"காத்தா?" என்றார் உஸ்தாத். "வேலை செஞ்சது பூரா தண்ணிப்பா. மணலை மணலோட ஒட்டி வெச்சிருக்கறதை உள்ள போய்க் கொஞ்சம் கொஞ்சமா இளக்கி விடும். காத்து கடைசியில வந்து குப்பையைக் கூட்டிட்டு, நான்தான் கட்டினேன்னு பேரைத் தட்டிட்டுப் போயிடும்."

"அப்ப அதுவும் எங்க ஊர் ஆளுதான், உஸ்தாத்," என்றார் சுவைலிம். உஸ்தாதுக்கு அந்தப் பதில் பிடித்துப் போயிற்று. அதற்கப்புறம் அவரை 'அபு ஈத்', ஈத்தின் அப்பா, என்று மகன் பெயரைச் சேர்த்துக் கூப்பிட ஆரம்பித்தார்.

திரும்பும் வழியில் மணல்வெளியின் நடுவே சுவைலிம் வண்டியை நிறுத்தி, தூரத்தில் புர்தாவைக் காட்டினார். மலையின் முதுகில், ஊசிக்காதில் நீலநூல் கோத்தமாதிரி, கல்லுக்கு நடுவே ஒரு சிட்டிகை வானம் தெரிந்தது. உஸ்தாத் வண்டியை விட்டு இறங்கி வெகுநேரம் பார்த்தார். வருஷாவருஷம் ஒன்பதாம் வகுப்புக்குக் கரும்பலகையில் இதைத்தான் வரைவாராம். இரண்டு நெட்டைக் கோடு, மேலே ஒரு வளைவு, அடியில் சின்னதாக ஒரு மனிதன். பிள்ளைகள், 'உஸ்தாத், நீங்க போயிருக்கீங்களா' என்று கேட்பார்களாம். அடுத்த வருஷம் என்று சொல்வாராம். ஏற எத்தனை நேரமாகும் என்று சுவைலிமிடம் கேட்டார்.

சுவைலிம் மணலைப் பார்த்தபடி, இந்த வருஷம் பாதை சரியில்லை என்றார். பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் அது யாரோ எழுதிக் கொடுத்ததைப் படித்தமாதிரி வந்தது. உஸ்தாத் அவர் முகத்தைப் பார்த்தார். மகள் முகத்தைப் பார்த்தார். வண்டியில் ஏறிக்கொண்டார். விஷயம் அதோடு முடிந்தது என்று சுவைலிம் நினைத்தார்.

பொழுது சாயும் நேரத்தில் காபிக்கு உட்கார்ந்தார்கள். சுவைலிமின் பெரியப்பா மகன் ஹாஜி முத்லிக் வந்திருந்தார்; அந்தப் பக்கத்தில் நாலு பேர் மதிக்கிற மனிதர். கூட இரண்டு உறவினர்கள். இர்பிதிலிருந்து வந்து தங்கியிருந்த ஒரு குடும்பமும் விரிப்பின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தது. சுவைலிம் தன் கையாலேயே கொட்டையை வறுத்து, இடித்து, ஏலக்காய் போட்டுக் கொதிக்க வைத்து, முதல் வாயைத் தானே குடித்துப் பார்த்துவிட்டு, பிடியில்லாத சின்னக் கோப்பையில் ஊற்றி உஸ்தாதிடம் நீட்டினார்.

உஸ்தாத் அதை வலது கையால் வாங்கினார். குடிக்கவில்லை. தமக்கு முன்னால் விரிப்பின்மேல் வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

 முத்லிக்கின் விரல்களில் உருண்டுகொண்டிருந்த ஜெபமணி நின்றது. காபியைக் குடிக்காமல் வைக்கிற விருந்தாளி ஒரு தேவையோடு வந்திருக்கிறான். அது நிறைவேறும் என்று வீட்டுக்காரன் சொல்கிறவரை அவன் குடிக்க மாட்டான். அவன் குடிக்காதவரை அந்த வீட்டுக்கு முகமில்லை. பெண் கேட்டு வருகிறவர்கள் அப்படி வைப்பார்கள். கொலைப்பழிக்குச் சமாதானம் கேட்டு வருகிறவர்கள் வைப்பார்கள். முத்லிக்காக இருந்தால், குடியுங்கள், என் கைக்கு எட்டினால் உங்களுக்குத்தான் என்றிருப்பார். அந்த 'எட்டினால்' என்பது வீட்டுக்காரன் தனக்கென்று விட்டுவைக்கிற சின்னக் கதவு. விவரமுள்ளவர்கள் அதை மறப்பதில்லை. சுவைலிம் தன் ஆயுளில் அந்தக் கதவை வைத்ததே இல்லை. அதில்தான் அவருக்குப் பெயரும் இருந்தது.

ருலா கரக்கில் பிறந்தவள், அந்த வழக்கம் அவளுக்கும் தெரியும். அப்பாவின் சட்டைக் கையைப் பிடித்தாள். சுவைலிம் அதைப் பார்த்தார். பார்த்தும், கிழவர் இன்னொரு நாள் தங்கிப்போகக் கூச்சப்படுகிறார் என்றுதான் அவருக்குத் தோன்றியது. வாய் தன் பாட்டுக்குத் திறந்தது.

"குடியுங்க, உஸ்தாத். கேக்க வந்தது எதுவானாலும் உங்களுக்குத்தான்."

உஸ்தாத் ஒரே மடக்கில் குடித்தார். போதும் என்பதற்கு அடையாளமாகக் கோப்பையை இப்படியும் அப்படியும் ஆட்டித் திருப்பிக் கொடுத்தார். பிறகு, கடைக்காரரிடம் ஒரு பெட்டி தீக்குச்சி கேட்கிற குரலில் சொன்னார்: "நாளைக் காலையில என்னைப் புர்தா மேல கூட்டிட்டுப் போகணும், அபு ஈத்."

முத்லிக் இருவரையும் வாழ்த்தினார். இர்பித் குடும்பத்துக்காரர் புர்தா நல்ல இடம் என்றார். ருலா எழுந்து வெளியே போய்விட்டாள். சுவைலிம் காபிக் கெண்டியைக் கையில் பிடித்தபடி, அடுத்து யாருக்கு ஊற்ற வேண்டும் என்பதே மறந்து நின்றார்.

விடிகாலைத் தொழுகை முடிந்ததும் அவர் முத்லிக்கைத் தேடிப் போனார். விஷயத்தை முழுசும் சொல்லி, இதிலிருந்து வெளியே வர வழி உண்டா என்று கேட்டார். கேட்டவனே விட்டுக்கொடுத்தால் உண்டு, கொடுத்தவனுக்குக் கிடையாது என்றார் முத்லிக். பத்துப்பேர் முன்னால் நடந்தது. நாளைக்கு நம் வீட்டுக் காபியை எவன் நம்பிக் குடிப்பான்? சுவைலிம் தயங்கித் தயங்கி, அதற்கு முன்னாலேயே அந்தப் பெண்ணுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்ததாகச் சொன்னார். சாட்சி யார் என்று கேட்டார் முத்லிக். நுவைர் என்றார் இவர். முத்லிக் சிரித்து, அவர் தோளில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத் தம் ஒட்டகங்களைப் பார்க்கப் போய்விட்டார்.

நுவைர் இரும்புத் தட்டைக் கவிழ்த்துப் போட்டு ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். முந்தின சாயங்காலத்திலிருந்து அவரோடு பேசவில்லை. இப்போது பேசினாள்.

"அந்தப் பொண்ணுகிட்ட சொன்னது என்ன ஆச்சு?"

"அது பேச்சுவாக்குல வந்தது, உம்மு ஈத். கண்ணு மேலன்னு நான் யாருகிட்டதான் சொல்லல? உப்பு வாங்கிட்டு வான்னு நீ சொன்னாலும் அதைத்தானே சொல்றேன்."

"ஓஹோ. அப்ப அவளும் உங்க காபியை வாங்கிக் குடிக்காம வெச்சிருக்கணும். பாவம், பட்டணத்துப் பிள்ளை. வாயால கேட்டா போதும்னு நினைச்சுட்டா."

 சுட்ட ரொட்டியைத் துணியில் சுற்றி அவர் கையில் வைத்தாள். மூன்று பேருக்கு வைத்திருப்பதாகச் சொன்னாள்.

ருலாவும் வந்தாள். அப்பாவைத் தனியே அனுப்ப அவளால் முடியாது, தடுக்கவும் முடியாது. காலையில் தந்தையும் மகளும் கூடாரத்துக்குள் பேசிக்கொண்டது சுவைலிமுக்குக் கேட்டிருந்தது. அவள் அழுதாள். அவர் அவளைச் சமாதானப்படுத்தினார். ஆனால் ஷூவைக் கட்டிக்கொண்டேதான் சமாதானப்படுத்தினார். வண்டியில் ருலா மருந்துப் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

சுவைலிம் தமக்குத் தெரிந்த தந்திரமெல்லாம் செய்து பார்த்தார். மலையடிவாரத்தில் வேண்டுமென்றே ஈரக்குச்சியைப் பொறுக்கித் தீ மூட்டித் தேநீர் போட்டார். அது கொதிக்கவே அரைமணி நேரம் ஆயிற்று. வெயில் ஏறினால் மனம் மாறும் என்று பார்த்தார். இரண்டாவது தம்ளருக்கும் அவர் கெட்டிலைத் தூக்கியபோது, டீயைக் குடிக்க வைத்தே என்னைக் கிழவனாக்கிவிடுவாய் போலிருக்கிறதே என்றார் உஸ்தாத். அப்புறம் சுலபமான பாதையை விட்டுவிட்டு, கைப்பிடிக்க ஒன்றுமில்லாத சரிவுப் பாறை வழியாகக் கூட்டிப் போனார். பாதிப்பேர் அந்த இடத்திலேயே திரும்பிவிடுவது வழக்கம். உஸ்தாத் நாலு காலில் தவழ்ந்து ஏறினார். சொரசொரப்பான மணற்கல், ஷூவை நாய்க்குட்டிமாதிரி கவ்விப் பிடிக்கிறது என்று சந்தோஷப்பட்டார். கல்மேல் கல் அடுக்கி வழி காட்டியிருந்த ஒவ்வொரு இடத்திலும் நின்று, இங்கிருந்தே நன்றாகத் தெரிகிறதே என்று சுவைலிம் சொன்னார். உஸ்தாத் ஆமாம், தெரிகிறது என்று ஒத்துக்கொண்டு, மேலே நடந்தார்.

ஆனால் மூச்சு வாங்கத் தொடங்கியிருந்தது. பத்து அடிக்கு ஒருதரம் நின்றார். உதட்டைச் சுற்றி நிறம் மாறியிருந்தது. ருலா அவர் மணிக்கட்டைப் பிடித்துக் கைக்கடிகாரத்தைப் பார்ப்பாள், அவர் கையை உருவிக்கொள்வார். மேல்தட்டில், பாலத்துக்கு முன்னால் கயிறு போட்டு ஏற வேண்டிய சின்னச் சுவருக்குக் கீழே, ஒரு நிழலில் உட்கார்ந்தபோது சுவைலிம் அவர் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தார். இனிச் சுற்றிவளைத்துப் பயனில்லை.

"உஸ்தாத், என் வாக்கை எனக்கே திருப்பிக் கொடுத்துடுங்க. உங்க காலைப் பிடிக்கறேன்."

உஸ்தாத் மூச்சு அடங்கக் காத்திருந்தார். "அபு ஈத், நான் இந்த வயசு வரைக்கும் ஹெட்மாஸ்டர் சொன்னதைக் கேட்டேன். வீட்டுல இவ அம்மா சொன்னதைக் கேட்டேன். இப்ப டாக்டர் சொல்றதையும் இவ சொல்றதையும் கேக்கறேன். ஒரே ஒரு தரம், இன்னொருத்தன் நான் சொல்றதைக் கேட்டே ஆகணும்ங்கற இடத்துல உக்காந்துட்டேன். அதைப் போய் விடச் சொல்றியே."

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் சுவைலிமால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

ருலா அப்பாவைப் பார்க்கவில்லை, சுவைலிமைப் பார்த்தாள். "முடியாதுன்னு சொல்லுங்க, மாமா. ஒரே ஒரு வார்த்தை. கயித்தை எடுக்காதீங்க, போதும்."

ஒரே ஒரு வார்த்தைதான். அவர் அதைத் தேடினார். தொண்டைவரைக்கும் வந்தது என்றுகூடச் சொல்லலாம். விரிப்பில் உட்கார்ந்திருந்த பத்து முகங்களும், கெண்டியோடு நின்ற தன் கையும் கண்ணுக்கு முன்னால் வந்தன. ஐம்பத்துமூன்று வருஷத்தில் உபயோகிக்காத வார்த்தை எப்படி வெளியே வருமென்று அவருக்குத் தெரியவில்லை. அவருடைய கை தோள்பையைத் திறந்து கயிற்றை எடுத்தது.

"நல்லாப் பிடிச்சுக்குங்க, உஸ்தாத்," என்றார்.

ருலா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதற்கப்புறம் அவள் அவரை மாமா என்று கூப்பிடவில்லை.

சுவர் இரண்டாள் உயரம்தான். சுவைலிம் முதலில் ஏறிக் கயிற்றைக் கட்டிவிட்டுத் திரும்ப இறங்கி, உஸ்தாதின் இடுப்பில் கயிற்றைச் சுற்றி, அவர் காலைத் தம் தோளில் வாங்கி மேலே தள்ளினார். கிழவர் எடையே இல்லாமல் இருந்தார். மேலே போனதும் கையைத் தட்டித் தூசியை உதறினார், சட்டையைச் சரிசெய்தார், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார், நடந்தார். சுவைலிம் ஒரு எட்டுப் பின்னாலேயே போனார். இரண்டு பக்கமும் வெறும் காற்று. நடுவே வண்டி போகிற அகலத்துக்குத் தேய்ந்த கல். சரியாக நடுவில் போய் நின்று உஸ்தாத் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"எங்கே அது?"

"அதுமேலதான் நிக்கறீங்க, உஸ்தாத்."

உஸ்தாத் குனிந்து கால்மாட்டைப் பார்த்தார். ஓட்டையும் தெரியவில்லை, வளைவும் தெரியவில்லை. ஒரு பாதை மாதிரிக் கிடந்தது. அவர் சிரிக்க ஆரம்பித்தார். முப்பத்துமூன்று வருஷம் வரைந்திருக்கிறேன், மேலே நின்றால் இதைப் பார்க்க முடியாது என்று ஒரு நாளும் தோன்றவில்லையே, எந்தப் பிள்ளையும் கேட்கவில்லையே என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சுவைலிமும் கொஞ்சம் சிரித்தார். பின்னால் வந்து நின்ற ருலாவுக்குக்கூட உதடு லேசாக அசைந்தது. கிழவர் ஏறிவிட்டார், இனி இறங்குவதுதானே என்று மூன்று பேருமே ஒரு நிமிஷம் நம்பினார்கள்.

உஸ்தாத் சிரிப்பை நிறுத்திவிட்டுத் தாடையைத் தொட்டார். பல் வலிக்கிறமாதிரி இருக்கிறது என்றார். பிறகு மெதுவாக, நாற்காலி இருக்கிற இடத்தில் உட்காருகிறவர்போல, கல்லில் உட்கார்ந்தார்.

ருலா பையைத் திறந்த வேகத்தில் பாதி மருந்து கல்லில் உருண்டது. நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரையை வைத்தாள். அவரைச் சாய்த்துப் படுக்கவைத்தாள். சுவைலிம் பாலத்தின் கடைசிமுனைக்கு ஓடினார். அந்த ஒரு இடத்தில்தான் போனுக்குச் சிக்னல் வரும். முத்லிக்கைக் கூப்பிட்டார். மீட்புக் குழுவைக் கூப்பிட்டார். அங்கே எடுத்தவர் நிதானமாக விவரம் கேட்டார். அந்த முகட்டில் உச்சிவேளைக் காற்றில் ஹெலிகாப்டர் நெருங்க முடியாது, ஆட்கள் நடந்துதான் வர வேண்டும், தூக்குப்படுக்கையோடு வரக் குறைந்தது மூன்றரை மணி நேரம் ஆகும், அதுவரை அவரை அசைக்காதீர்கள் என்றார். சுவைலிம் ஆகட்டும் என்றார்.

திரும்பி வந்து ருலாவிடம் அதைச் சொன்னார். அவள் தலையாட்டினாள். அப்பாவுக்கு நிழல் வேண்டும் என்றாள்.

நிழல் என்று அந்தப் பாலத்தின்மேல் ஒன்றும் கிடையாது. ஊன்றக் கம்பு கிடையாது, கட்டக் கொடி கிடையாது. சுவைலிம் தலைத்துணியை அவிழ்த்து, இரண்டு முனையையும் இரண்டு கையில் பிடித்து, சூரியனுக்கும் கிழவர் முகத்துக்கும் நடுவே நின்றார். காற்று துணியைப் பிடித்து இழுத்தது. சூரியன் நகர நகர அவரும் அங்குலம் அங்குலமாக நகர்ந்தார். தோள் எரிந்தது, அப்புறம் மரத்துப் போயிற்று. முப்பது வருஷமாக இந்த மலையில் அவர் செய்யாத வேலையில்லை. ஆட்களை முதுகில் சுமந்திருக்கிறார், தொங்கியவர்களை ஒற்றைக்கையால் இழுத்திருக்கிறார். இப்போது செய்வதற்கு இருந்தது இது ஒன்றுதான்.

உஸ்தாதுக்கு நினைவு போவதும் வருவதுமாக இருந்தது. வந்த ஒரு தடவை, துணிக்கு அடியிலிருந்து சுவைலிமைப் பார்த்தார். "உன்னை விட்டுட்டேன், அபு ஈத்," என்றார். "உன் வாக்கு உனக்கே. போதுமா?" அதில் ஒரு சின்னக் குறும்புகூட இருந்தது. ருலா அவர் வாயைத் தன் விரலால் பொத்தி, பேசாதீங்க அப்பா என்றாள்.

வெகுநேரம் கழித்துக் கீழே ஆட்கள் கூப்பிடும் சத்தம் கேட்டது. எவ்வளவு தூரத்தில் என்று ருலா கேட்டாள். அந்த எதிரொலியை வைத்தே அவருக்குத் தெரியும். அவர்கள் இன்னும் சரிவுப் பாறைக்கு வரவில்லை. இதோ வந்துவிட்டார்கள் என்று சொல்ல வாய் எடுத்தார். எடுத்த வாயை மூடிக்கொண்டார். இன்னும் ஒரு மணி நேரம் என்றார். அவள் தலையாட்டிவிட்டு மறுபடி நாடியைப் பிடித்தாள்.

வந்தவர்களில் பாதிப்பேர் சுவைலிமின் சொந்தக்காரர்கள்தான். சின்னச் சுவரில் படுக்கையை இறக்கும்போது கயிற்றை அவர்தான் பிடித்தார்.  அடிவாரத்தில் ஆம்புலன்ஸ் நின்றிருந்தது. ருலா ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். வண்டி மணலைக் கிளப்பிக்கொண்டு அகபாவுக்குப் போயிற்று.

ஆட்கள் தலைத்துணியால் வியர்வையைத் துடைத்துக்கொண்டு அவரைச் சுற்றி நின்றார்கள். முத்லிக் வந்து அவர் இரு கன்னத்திலும் முத்தமிட்டார். நடந்தது ஆண்டவன் எழுதியது. ஆனால் சுவைலிம் சொன்ன சொல்லிலிருந்து இறங்கினான் என்று இனி ஒருத்தன் பேச முடியாது என்றார். மற்றவர்களும் அதையே சொன்னார்கள். அந்தக் கிழவர் ஆசைப்பட்டதைப் பார்த்துவிட்டார், அதுவும் உன் கையால் என்று ஒருவர் சொன்னார். இன்னொருவர், இந்தக் காலத்தில் வேறு எவன் இப்படி நிற்பான் என்றார்.

"அதுக்கு முன்னாடியே அந்தப் பொண்ணுக்குச் சொல்லியிருந்தேன்," என்றார் சுவைலிம்.

யாரும் மறுக்கவில்லை. கேட்டார்கள், அனுதாபத்தோடு தலையை ஆட்டினார்கள், தண்ணீர்ப் பாட்டிலை அவர் கையில் கொடுத்தார்கள். குடி, அதிர்ச்சியில் இருக்கிறாய் என்றார்கள். அவர் இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தார். அவர்கள் இன்னும் அன்பாகத் தலையாட்டினார்கள்.

அவர் வண்டியை எடுத்துக்கொண்டு அகபாவுக்குப் போனார். ஆஸ்பத்திரியில் யாரும் அவரைத் தடுக்கவுமில்லை, உள்ளே கூப்பிடவுமில்லை. நடையில் வரிசையாகப் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில், கால் முழுக்கச் செம்மண்ணோடு உட்கார்ந்திருந்தார். நுவைர் இரண்டு தடவை போன் பண்ணினாள். இரண்டாவது தடவை, நான் என்ன சொல்ல, உட்காருங்கள் என்றாள்.

கதவைத் திறந்துகொண்டு ருலா வெளியே வந்தபோது ஜன்னலுக்கு வெளியே இருட்டியிருந்தது. அவள் முகத்திலிருந்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியவில்லை. உயிர் இருக்கிறது என்றாள். இதயத்தில் பாதி வேலை செய்யவில்லை, இன்னும் இரண்டு நாள் போனால்தான் எதுவும் சொல்ல முடியுமாம். கண் விழித்தாரா என்று கேட்டார். இல்லை என்றாள். தன்மேல் கோபப்பட்டு அவள் நாலு வார்த்தை பேசியிருந்தால் சுவைலிமுக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அவளுக்கு அதற்கும் தெம்பில்லை.

அவர் எழுந்து நின்றார். கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் முன்னால் நீட்டினார்.

"என்ன செய்யணும்னு சொல்லும்மா. ரத்தமா, மருந்தா, உங்க ஊருக்குப் போய் யாரையாவது கூட்டிட்டு வரணுமா? எதுவானாலும் சொல்லு."

ருலா அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"எதுவானாலும்னு சொல்லாதீங்க," என்றாள்.

கதவு அவளுக்குப் பின்னால் மூடிக்கொண்டது. சுவைலிம் நீட்டிய கையை இறக்கவில்லை. நடையில் ஒரு நர்ஸ் வந்து, வழியை விடுங்கள் ஐயா என்று சொல்லும்வரை அப்படியே நின்றிருந்தார்.